ஈக்வினார், சி.என்.பி.சி.: சொந்த நாட்டில் எப்படி, வெளிநாட்டில் எப்படி?

எண்ணெய் நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் மீது எவ்வளவு அக்கறை என்பதை அதன் ஆண்டறிக்கையை வைத்து எடைபோட முடியாது. வெளிநாட்டில், தட்டிக்கேட்க ஆள் குறைவான இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு எண்ணெய் நிறுவனங்களை அப்படிப் பார்ப்போம். நார்வேயின் ஈக்வினாரில் அந்நாட்டு அரசின் பங்கு 67 சதவீதம். சீனாவின் சி.என்.பி.சி. (சீனத் தேசிய பெட்ரோலிய நிறுவனம்) முழுக்க அரசுடையது.

வடகடலில் ஈக்வினார் நடத்தும் ஸ்லைப்னர் வயலில் கிடைக்கும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு. விற்க வேண்டுமானால் அதை 2.5 சதவீதமாகக் குறைக்க வேண்டும். பிரித்ததைக் காற்றில் விடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் நார்வே அரசு 1991-லேயே கார்பன் வரி போட்டுவிட்டது. காற்றில் விட்டால் வரி கட்ட வேண்டும். அதனால் 1996 முதல் கடலடி மணற்பாறைக்குள் அதைச் செலுத்தத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன். மனதாரப் பாராட்ட வேண்டிய வேலைதான். அதைச் செய்ய வைத்தது வரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சி.என்.பி.சி.க்கு உள்நாட்டில் அப்படி ஒரு நெருக்கடி இல்லை. 2005 நவம்பரில் அதன் ஜிலின் ஆலை வெடித்து, சோங்ஹுவா ஆற்றில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்தது. ஹார்பின் நகரத்துக்கே சில நாள் குடிநீர் நின்றது. விதித்த அபராதம் 10 லட்சம் யுவான், அவ்வளவுதான்.

அப்புறம் ஆப்பிரிக்காவின் சாட். கசிந்த கச்சா எண்ணெயை சி.என்.பி.சி. திறந்த பள்ளங்களில் கொட்டியதாகவும், பாதுகாப்பு உடை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்து அதை அள்ளியதாகவும் 2013-ல் அந்நாட்டு எண்ணெய் அமைச்சர் குற்றம்சாட்டினார். சி.என்.பி.சி.யின் வேலை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு 120 கோடி டாலர் அபராதம். கடைசியில் 40 கோடி டாலரில் சமரசம். சொந்த அரசு கேட்காததை, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று கேட்டது. எனக்கு இதில் மிகப் பெரிய விஷயம் அதுதான்.

சரி, ஈக்வினார் வெளிநாட்டில் சுத்தமா? கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணலில் (தார் போன்ற கெட்டி எண்ணெய் கலந்த மணல்) எண்ணெய் எடுக்க இறங்கியபோது, நீர்ச் சட்டத்தை மீறியதாக 2011-ல் அதன்மேல் வழக்கு வந்தது. அந்த எண்ணெய் மணல் தொழிலையே 2016-ல்தான் விற்க முடிவெடுத்தது. ஆஸ்திரேலியப் பெருவளைகுடாவில் தோண்ட அனுமதி கிடைத்தும், 2020-ல் விலகியது. கடலோர மக்கள் பெரிதாக எதிர்த்துவந்தார்கள். நிறுவனம் சொன்ன காரணம், வணிகரீதியாகக் கட்டுப்படியாகாது என்பது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஈக்வினாரைத்தான் சொல்வேன். ஆனாலும் 2025-ல் அது புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான முதலீட்டைப் பாதியாகக் குறைத்து, எண்ணெய், எரிவாயு உற்பத்தியைக் கூட்டப்போவதாக அறிவித்தது. நமக்கும் இதில் தொடர்பு உண்டு. இந்திய அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுப் பிரிவு ஓ.என்.ஜி.சி. விதேஷும் தென் சூடானில் சி.என்.பி.சி.யோடு பங்குதாரராக இருந்த நிறுவனம். அங்கே சுற்றுச்சூழலை எப்படி நடத்தினார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.