160 பி.எஸ்.ஐ. என்று போட்ட சைக்கிள் பம்பை வாங்குமுன் இதைப் படியுங்கள்

‘160 பி.எஸ்.ஐ., எல்லா வால்வுக்கும் பொருந்தும், உறுதியான ஸ்டீல் உடல்’ என்ற வாசகங்களை நம்பி, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இணையத்தில் ஒரு ஃப்ளோர் பம்ப் (தரையில் நிறுத்திக் காலால் மிதித்துக்கொண்டு அடிப்பது) வாங்கினேன். பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு. அந்தப் பம்பால் இரண்டு ட்யூபும் ஒரு பின் ரிம்மும் போயின. பம்ப் வந்த அன்றே உடைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அது பொய்யான அளவைக் காட்டிக்கொண்டே மாதக்கணக்கில் வேலை செய்தது. புளி ஒட்டிய தராசில் வாங்கும் சாமான் மாதிரி, ஏமாறுகிறோம் என்பதே தெரியாமல் ஏமாந்திருக்கிறேன். அதே பம்ப் இன்று வேறு வேறு பெயர்களிலும் நிறங்களிலும் விற்பனையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் சைக்கிளில் 28 மி.மீ. அகல டயர்கள். பம்பில் இருக்கும் கேஜின் (அழுத்தமானியின்) முள் 90ஐத் தொடும்வரை காற்றடித்துவிட்டுத்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவேன். ஒரு காலை முட்டுக்காடு தாண்டியதும் பின் சக்கரம் சிறிய பள்ளம் ஒன்றில் இறங்கி, அடுத்த கணமே காற்று போய்விட்டது. ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு ஓட்டைகள். ஆணியோ முள்ளோ குத்தினால் பெரும்பாலும் ஓர் ஓட்டைதான் விழும். இப்படி ஜோடியாக விழுந்தால், டயரில் காற்று போதாமல் ட்யூப் ரிம்மின் விளிம்பில் நசுங்கியிருக்கிறது என்று பொருள். 90 இருக்கும் டயருக்கு அந்தப் பள்ளத்தில் அப்படி ஆகவே கூடாது. சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. இந்த முறை ரிம்மின் விளிம்பும் உள்வாங்கிவிட்டது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்த இடம் கட்டையில் பட்டுத் தடதடத்தது.

நண்பர் ஒருவரிடம் தனியாக அளக்கும் டிஜிட்டல் கேஜ் இருந்தது. பம்பின் முள் 90 காட்டிய டயரில் அதை வைத்தால் 65. முன் டயரிலும் கிட்டத்தட்ட அதே வித்தியாசம். பிறகு பம்பை எதிலும் மாட்டாமல் தரையில் வைத்து முள்ளை உற்றுப் பார்த்தேன். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய முள் 15க்கும் 20க்கும் நடுவில் ஓய்ந்திருந்தது.

பம்பின் கேஜ் மட்டும் கெட்டுப்போனது என்று விட்டுவிட மனம் வரவில்லை. பம்பின் உருளையின் மேல்மூடியைத் திருகிக் கழற்றி உள்விட்டத்தை அளந்தேன்: 38 மி.மீ. அங்கேதான் பெட்டியின் வாசகம் அடியோடு சரிந்தது. பம்பின் கைப்பிடியில் நாம் கொடுக்க வேண்டிய விசை, காற்றழுத்தத்தை உருளையின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் கிடைப்பது. 38 மி.மீ. உருளைக்குப் பரப்பு சுமார் 11.3 சதுர செ.மீ. 100 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர செ.மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. ஆக 100 பி.எஸ்.ஐ. ஏற்ற, கைப்பிடியில் 80 கிலோ இறங்க வேண்டும். 160 ஏற்ற வேண்டுமானால் 127 கிலோ. என் எடை 62 கிலோ. முழு உடம்பையும் கைப்பிடியின் மேல் சாய்த்தாலும் அந்தப் பம்பில் 78ஐத் தாண்ட வழியில்லை. ஓங்கி அழுத்தினால் அதற்கு மேல் கொஞ்சம் போகலாம், அவ்வளவுதான். முள்ளோ, நான் மூச்சுவாங்காமல் அடிக்கும்போதே 90 காட்டியது.

ரோடு சைக்கிள் ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ. உருளை என்றால் 100 பி.எஸ்.ஐ.க்கு 43 கிலோ போதும். ஒவ்வோர் அடிக்கும் குறைவான காற்றுதான் போகும், அதிக முறை அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் வேண்டிய அழுத்தம் ஏறும். பருமனான உருளை மலை சைக்கிளின் பெரிய டயருக்கு நல்லது. 30, 40 பி.எஸ்.ஐ.யில் வேலை முடிந்துவிடும், நாலே அடியில் டயர் எழுந்து நிற்கும். பருமனான உருளையை வைத்துக்கொண்டு 160 என்று அச்சிடுகிறவர்கள் மல்யுத்த வீரருக்கும் முடியாத ஒன்றை விற்கிறார்கள்.

பம்பின் தலையும் சரியில்லை. என் சைக்கிள் ட்யூபில் இருக்கும் பிரெஸ்டா என்ற மெல்லிய வகை வால்வில் பொருத்தி லீவரைத் தூக்கிப் பூட்டினால், அழுத்தம் ஏற ஏறத் தலை நழுவிக் கழன்று தெறிக்கும். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் புஷ்ஷை (வால்வைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தை) எடுத்துப் பார்த்தபோது, அதன் உள்விளிம்பு வால்வின் மரையில் உராய்ந்து துகள் துகளாக உதிர்ந்திருந்தது. லீவர் சுழலும் ஊசியைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் வெள்ளை நிறத்தில் மயிரிழை போன்ற விரிசல். மாற்றுப் புஷ் கிடைக்குமா என்று கேட்டதற்கு, உதிரி பாகம் எதுவும் விற்பதில்லை என்று பதில் வந்தது.

விற்பனையாளரின் நடத்தையைச் சொல்லியாக வேண்டும். முதலில், பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பயன்படுத்தாமல் ஒரு பம்பின் குறையை யாரால் கண்டுபிடிக்க முடியும்? இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கேஜ் தோராயமாகத்தான் காட்டும், அதற்கு வாரண்டி கிடையாது என்று எழுதினார்கள். விடாமல் கேட்டதும் வேறொரு பம்ப் அனுப்பினார்கள். அதன் முள்ளும் பூஜ்யத்துக்கு வரவில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஒரு வழுவழு அட்டையும் இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து அதன் படத்தை அனுப்பினால் 150 ரூபாய் திருப்பித் தருவார்களாம். விற்பனைப் பக்கத்தில் குவிந்திருந்த பாராட்டுகள் எப்படி வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. ‘பார்சல் சீக்கிரம் வந்தது, பளபளவென்று இருக்கிறது’ என்ற மதிப்பீடுகளை ஒதுக்கிவிட்டு, மூன்று மாதம் பயன்படுத்தியவர்கள் எழுதிய இரண்டு நட்சத்திர மதிப்பீடுகளை மட்டும் படியுங்கள். எனக்கு நேர்ந்தது அத்தனையும் அங்கே எழுதப்பட்டிருந்தது.

கடையில் வாங்குவதானால் பம்பை ஒரு டயரில் மாட்டி அடித்துப் பார்க்கச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். கைப்பிடியைக் கீழே அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது தானாக மேலே எழக்கூடாது. எழுந்தால் அடியிலிருக்கும் ஒருவழி வால்வு கசிகிறது. அடித்து நிறுத்தியதும் முள் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அடிப்பாகம் உலோகமாகவும், இரண்டு காலையும் ஊன்றி நிற்கும் அகலத்திலும் இருக்கட்டும். முள் பூஜ்யத்தில் இல்லாத பம்பை என்ன தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள். வீட்டில் பழைய பாணிச் சைக்கிளும் இருந்தால் இன்னொன்று: உள்ளே மெல்லிய ரப்பர்க் குழாய் போட்ட வால்வில் எந்தப் பம்பின் முள்ளும் டயரின் அளவைச் சரியாகச் சொல்லாது. அந்த ரப்பரைத் தள்ளித் திறக்கத் தேவைப்படும் அழுத்தமும் சேர்ந்தே முள்ளில் தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் இப்போது முதலில் கேட்பது உதிரி பாகத்தைத்தான். நம் பங்க்சர் கடைகளில் இருக்கும் பழைய இரும்புப் பம்பைப் பாருங்கள். தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்துவிட்டு மறுபடி போட்டுவிடுவார்கள். அதற்குமேல் தாங்காது என்றால் சில ரூபாய்க்குப் புது வாஷர். டோப்பீக் போன்ற பம்ப் நிறுவனங்கள் தலைக்கும் வாஷருக்கும் தனியாக உதிரி விற்கின்றன. 1917இல் மிலான் நகரில் தொடங்கிய சில்கா இன்றும் தன் பம்புகளுக்குத் தோல் வாஷர் விற்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு புஷ் தேய்ந்ததற்காக முழுப் பம்பையும் குப்பையில் போட வேண்டியதில்லை.

கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் கொடுத்தேன். பில், பெட்டியின் ஆறு பக்கங்களின் படங்கள், கேஜ் படங்கள், அந்த 150 ரூபாய் அட்டை எல்லாவற்றையும் இணைத்தேன். பெட்டியில் இறக்குமதியாளரின் முகவரியே இல்லை, ஒரு கைபேசி எண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பெயரும் முகவரியும் அச்சிட வேண்டியது சட்டப்படி கட்டாயம் என்பதையும் புகாரில் குறிப்பிட்டேன். அதன் பிறகு பம்பின் விலை திரும்பி வந்தது. ரிம்முக்கும் ட்யூபுக்கும் ஆன செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தொகைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இதே மாதிரிப் பம்பை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வேறொரு கேஜில் டயரை அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இரண்டு அளவுகளும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வையுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.