சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: இரண்டு விதமான மூட்டு வலி

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடலில் சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் பரம்பரை நோய்) என்றாலே நுரையீரல் பற்றித்தான் பேச்சு. மூட்டு வலிக்கிறது என்று சொன்னால் பலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது சரியல்ல. அந்த வலி முக்கியமாக இரண்டு விதமாக வரும், இரண்டையும் கவனிக்கும் முறை வேறு.

ஒன்று, விட்டு விட்டு வரும் மூட்டழற்சி. ராத்திரி நன்றாக இருந்த முழங்கால் காலையில் வீங்கி, மடக்க முடியாமல் இருக்கும். சிலருக்குக் காய்ச்சலும் தோலில் சிவந்த தடிப்பும் சேரும். பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கிவிடும். எக்ஸ்ரேயில் பொதுவாக ஒன்றும் தெரியாது. அதற்காக வலி பொய் ஆகிவிடாது.

இன்னொன்று, நுரையீரல் நோய் முற்றியவர்களுக்கு வரும் எலும்பு மாற்றம். விரல் நுனி பருத்து, நகம் வளைந்திருக்கும். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என இரு பக்கமும் வலிக்கும். நீள எலும்புகளின் மேலுறையில் புது எலும்பு படிந்திருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரியும். நெஞ்சில் தொற்று கூடினால் வலியும் கூடும். அதனால் இதற்கு நுரையீரல் சிகிச்சைதான் முதல் வைத்தியம்.

இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரண்டிலும் வலியைக் குறைக்கும். ஆனால் நெஞ்சுத் தொற்றுக்குக் கொடுக்கும் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக ஏறும் நாட்களில் அவற்றையும் சேர்த்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மருத்துவரிடம் கேட்காமல் தயவுசெய்து போடாதீர்கள்.