திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் ஒரு நாற்காலி

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதியில் பார்த்த ஒரு பணியாளர் அம்மாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சிட்னியிலிருந்து ஊருக்கு வந்த இடத்தில் வங்கி, ஆதார், பத்திர ஆபீஸ் வேலைகள் எல்லாம் எப்படியோ முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதைத் தொட்ட அம்மாவுக்கு ஓர் ஆசை. பிறந்த ஊரான திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து வந்த சாமியைத் தஞ்சாவூர் போய்ப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் மாயவரத்தில் பாசஞ்சர் ஏறி, தஞ்சாவூரில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு வழியாக அரண்மனைக்குப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவோம். இப்போது அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. செயலியில் கார் பதிவு செய்தேன். ஏழு மணிக்கு வர வேண்டிய வண்டி எட்டே முக்காலுக்கு வந்தது. கும்பகோணம் தாண்டியதும் ஏசிக்குத் தனியாகப் பணம் என்றார் ஓட்டுநர். பதிவில் எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது என்று காட்டினால், "அது கம்பெனி போடுறது சார்" என்கிறார். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று குரல் மட்டும் வருகிறது. சிட்னியிலும் வண்டி தாமதமாக வரும். ஆனால் ஒத்துக்கொண்ட கட்டணத்தை நடுவழியில் மாற்ற மாட்டார்கள். வயதானவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு சாலையோரத்தில் பேரம் பேசுவது என்ன வழக்கம்? கடைசியில் கேட்டதைக் கொடுத்தேன். வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் உள்ளே போனோம். செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் போனதும் அம்மா செருப்பைக் கழற்றினார். அங்கே நின்ற பணியாளர் அம்மாள் நேராக எங்களை நோக்கி வந்தார். சில நாள் முன்னால் வேறோர் ஊர் அருங்காட்சியகத்தில் (எந்த ஊர் என்று சொல்லவில்லை) அம்மா கால் வலிக்கிறது என்று ஒரு மேடையில் சாய்ந்ததற்குக் காவலர் விசில் ஊதினார். அத்தனை பேர் முன்னால் அம்மாவின் முகம் சுருங்கியதை மறக்க முடியவில்லை. இங்கேயும் அதுதான் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"அந்தச் சுவத்தோரமா விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் அந்த அம்மாள். அப்புறம், "எந்த ஊரும்மா?"

"திருவெண்காடு."

"அட, அப்ப உங்க ஊர் சாமியைத்தான் பாக்க வந்திருக்கீங்க. வாங்க வாங்க," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். போகிற வழியிலேயே ஒரு நாற்காலியை இன்னொரு கையால் இழுத்துவந்து ரிஷபவாகனர் முன்னால் போட்டார். தான் உட்காரும் நாற்காலி அது.

அந்தத் திருமேனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்தில் நிற்கும் அம்பாள் அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டு ஆண்டுகளையும் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. முதலாம் ராசராசனின் கடைசிக் காலம். தலையில் சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, காலை மாற்றி வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் போட்டபடி சிவன் நிற்கிறார். காளை இல்லை. ஆனால் அந்தக் கை தாங்கியிருக்கும் விதத்தில் காளையின் உயரம்கூடத் தெரிகிறது. மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலை இது. அச்சு ஒரே முறைக்குத்தான். உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அப்படி ஒரே வார்ப்பில் இத்தனை அலட்டலில்லாத நிலையைக் கொண்டுவந்த கையை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

அம்மா மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த வில்வம். எனக்குத் திக்கென்றது. பணியாளர் அம்மாள் பதறவில்லை, குரலும் உயரவில்லை. "மேல வைக்கக் கூடாதும்மா. ஈரம் பட்டா இந்த உலோகத்துக்கு ஆகாது. கையில வச்சுக்கிட்டே கும்பிடுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க." அவ்வளவுதான். அம்மா வில்வத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். சிலைக்கும் கேடில்லை, கும்பிட வந்தவருக்கும் குறையில்லை. இதை எந்தப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். 1951இல் திருவெண்காட்டில் செப்புத் திருமேனிகள் கிடைத்தபோது அம்மாவுக்கு ஆறேழு வயது. தன் தாத்தா அதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி மாய்ந்ததை அம்மா சொன்னார். கலைக்கூடம் தொடங்கியதும் அதே 1951தான், திருவெண்காடும் அப்போது தஞ்சாவூர் ஜில்லாதான் என்றார் அந்த அம்மாள். அம்மா விடவில்லை: "எங்க ஊர் சாமியை எங்க ஊர்லயே வச்சா என்ன?" அதற்கும் கோபப்படாமல், மண்ணுக்கடியில் கிடைப்பது அரசாங்கத்துக்கு என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம் இருப்பதைச் சொன்னார். 1878 புதையல் சட்டம் அது. பிறகு அதே ஊர்க் கல்யாணசுந்தரரிடம், அதாவது கல்யாணக் கோலத்துச் சிவனிடம், கூட்டிப்போய், சிவன் கைக்குள் இருக்கும் பார்வதியின் கையைக் காட்டினார். அந்த வெட்கத்தைப் பார்த்து அம்மா சிரித்தார். தாராசுரத்துக் கல் சிற்பங்களை அன்றைக்கு நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. யானையை உரிக்கும் சிவனான அந்த கஜசம்ஹாரர் முன்னால் மட்டுமே அரை நாள் நிற்கலாம். பரவாயில்லை.

நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் அருங்காட்சியகங்களில் வசதிக்குக் குறைவில்லை. சக்கர நாற்காலி இருக்கும், பெஞ்சு இருக்கும், விளக்கு கச்சிதமாக விழும். கான்பராவில் ஸ்ரீபுரந்தான் நடராசரை அப்படித்தான் பார்த்தேன். 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். அது அரியலூர்ப் பக்கத்துக் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்று தெரிந்த பின் 2014இல் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு அழகான அறையில் "நீங்கள் எந்த ஊர்?" என்று என்னிடம் கேட்க ஒருவரும் இல்லை. அந்த நடராசர் எந்த ஊர் என்றுகூட அன்று அங்கே சரியாகச் சொல்ல ஆளில்லை. அவரைத் திருடியதும் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்துதான். அதனால் எல்லாத் திருமேனிகளையும் உடனே ஊருக்கே அனுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காவலும் ஆளும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் ஊர்க்காரர் வந்து நின்றால் அவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஒரு மனுஷி அங்கே இருக்க வேண்டும். க்யூஆர் கோடும் காதுக்கருவி வழிகாட்டியும் அதற்கு ஈடில்லை.

கிளம்பும்போது பணம் கொடுக்கப் போனேன். காலையில் ஓட்டுநருக்கு வேண்டாவெறுப்பாகக் கொடுத்தவன், இங்கே மனசார நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கவே இல்லை. "அம்மா வந்ததே போதும்" என்று செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார். அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பணம் வாங்காதவருக்கு என்ன செய்வது? அன்று இரவே அவர் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதி, கலைக்கூடத்து நிர்வாகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல சம்பளமும், வேலை போய்விடாது என்ற உறுதியும், உட்கார இரண்டு நாற்காலி கூடுதலாகவும் வேண்டும் என்று எழுதினேன். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானத்தில் கூட்டமும் புழுக்கமும் தாங்காது. அங்கே யாராவது உங்களிடம் இப்படி நடந்துகொண்டால் நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து குறை எழுத மட்டும் நமக்கு நேரம் கிடைக்கிறது.