யாழ்ப்பாணக் கடைவீதியில் யன்னல் கண்ணாடி கழுவுவது: எந்த முறை வழிப்போக்கரை விழுத்தாது?

கஸ்தூரியார் வீதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். காலை பத்து மணி இருக்கும். எங்கள் சிறிய லொறி வீதியோரம் நிற்கிறது. அதிலிருந்து றப்பர்க் குழாய் நடைபாதையைக் குறுக்கே கடந்து சுவரடிக்குப் போய், அங்கிருந்து இருபது மீற்றர் தள்ளிக் கம்பத்தோடு நிற்கும் தம்பியிடம் சேருகிறது. குழாய் கடக்கும் இடத்தில் இரண்டு செம்மஞ்சள் கூம்புகளும் வைத்திருந்தோம். சந்தையிலிருந்து பையோடு வந்த ஓர் அம்மா கூம்பைப் பார்த்தார், குழாயையும் பார்த்தார், அதைத் தாண்டுவதற்காகக் காலைத் தூக்கினார். அதே நொடியில் தம்பி அடுத்த யன்னலுக்குப் போவதற்காகக் குழாயை இழுத்தான். தரையில் கிடந்தது விறைத்துக் கணுக்கால் உயரத்துக்கு எழுந்தது. அம்மா முழங்கால் அடிபட விழுந்தார். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வீதி வரை சிதறின. “தம்பி, கண்டுதான் கடந்தேன். அது எழும்பி வந்தது” என்றார்.

முழங்காலில் தோல் உரிந்ததோடு அன்று தப்பிவிட்டார். அவர் சொன்ன அந்த ஒரு வசனம்தான் குழாயைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது. அதுவரை, ஆட்கள் குழாயைக் காணாததால்தான் தடக்கி விழுகிறார்கள் என்று நம்பியிருந்தேன். கிடக்கும் குழாயைப் பெரும்பாலானவர்கள் காண்கிறார்கள். அவர்களை விழுத்துவது அசையும் குழாய். கண்ணாடி கழுவும் முறைகளை இந்த ஒரு கண்ணோடு அடுக்கிப் பார்த்தால், எது நல்லது என்ற வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் நாங்கள் பழகிய முறை: வண்டியில் தாங்கி, நீளமான குழாய், நுனியில் உள்ள தூரிகைக்குத் தண்ணீர் ஏறும் நீட்டுக் கம்பம். பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டு உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. ஏணியில் ஏறாமல் முடிக்கக்கூடிய வேலையை நிலத்தில் நின்றே முடிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். அந்த விதிகளுக்குப் பிறகு அங்கே கம்ப முறை நன்றாகப் பரவியது. இலண்டனில் இந்தத் தொழில் செய்யும் உறவினர் ஒருவர் வழியாகத்தான் கம்பம் எங்களிடமும் வந்தது. ஏணியிலிருந்து விழும் ஆபத்து இதில் இல்லை. ஆனால் மேலே இருந்த ஆபத்தில் ஒரு பங்கு கீழே இறங்கி வந்து, வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவரின் காலடியில் கிடக்கிறது.

இந்தக் குழாயின் உள்விட்டம் பொதுவாக 6 அல்லது 8 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர்க் குழாய் 100 மீற்றர் நீளம் என்றால் அதற்குள் மட்டும் ஐந்து லீற்றர் தண்ணீர் நிற்கும். அதாவது, குழாயின் சொந்தப் பாரத்தோடு இன்னும் ஐந்து கிலோவையும் சேர்த்து இழுக்க வேண்டும். பாரம் கூடினால் இழுவை கூடும், இழுவை கூடினால் எழும்புவதும் கூடும். 6 மில்லிமீற்றரில் அதே நீளத்துக்கு மூன்று லீற்றருக்கும் குறைவு. எங்கள் வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. மத்தியானத்தில் பிளாஸ்ரிக் குழாய் இளகி, வளைவில் மடிந்து தண்ணீரை அடைக்கும். மடிப்பை எடுக்கத் திரும்பி நடக்க யாருக்கும் மனம் வராது. நின்ற இடத்திலிருந்தே ஒரு சுண்டு சுண்டுவார்கள். அந்தச் சுண்டுதான் இருபது மீற்றருக்கு அப்பால் ஒருவரின் கணுக்காலில் போய் முடிகிறது.

கூம்பு இதைத் தடுக்காது. கூம்பு தான் நிற்கும் இடத்தைக் காட்டும். இரண்டு கூம்புகளுக்கு நடுவே என்ன நடக்கப்போகிறது என்று சொல்லாது. பார்வையற்றவருக்கு அதுவும் பயனில்லை. வெள்ளைப் பிரம்பின் நுனி ஒரு விரல் தடிப்புள்ள குழாயின் மேல் வழுக்கிப் போய்விடலாம். மஞ்சள் நிறக் குழாய் வாங்குவது நல்லது. தாரின் மேல் கறுப்புக் குழாயும் புல் முளைத்த ஓரத்தில் பச்சைக் குழாயும் கண்ணில் படுவதில்லை. நிறம் கண்ணுக்கு உதவும். குழாயின் அசைவை நிறுத்தாது.

ஆகவே நீளக் குழாயைத் தவிர வேறு வழியில்லாத வேலைகளில் நாங்கள் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். நடைபாதையை ஒரே ஓர் இடத்தில், நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சரிவாகக் கிடக்கும் ஈரக் குழாயின் மேல் சைக்கிள் சில்லு ஏறினால் குழாய் வழியே வழுக்கிவிடும். நேர் குறுக்கு என்றால் ஏறி இறங்கிப் போய்விடும். இந்த ஊரில் சைக்கிளை மறந்துவிட்டு எதையும் திட்டமிட இயலாது. கடக்கும் இடத்தின் இரு பக்கமும் குழாயை ஒரு மணல் மூட்டைக்குக் கீழே அடக்கி வைக்கிறோம். அப்படி அடக்கினால் கம்பத்துப் பக்கம் இழுக்கும் இழுவை மூட்டையோடு நின்றுவிடும், நடைபாதைத் துண்டு அசையாது. வாய்க்காலை மூடிய கொங்கிறீற் பலகைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும் இடத்தில் கடக்கவே கூடாது. இரண்டு பலகைகளுக்கு இடையில் குழாய் வில்லாக நிற்கும். றப்பர்ச் செருப்பின் நுனி கொழுவிக்கொள்ள விரல் நுழையும் இடைவெளி போதும். இதெல்லாம் செய்த பிறகும், கடக்கும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஆள் வந்தால் கையைத் தூக்குவார், கம்பத்துக்காரர் இழுப்பதை நிறுத்துவார்.

இரண்டு பேரின் கூலியில் ஒருவர் சும்மா நிற்கிறார் என்று கடைக்காரர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி வரும்போதுதான் மேலே போடும் மூடியைப் பற்றிப் பேச்சு எழும். குழாயோ மின்கம்பியோ செல்ல நடுவில் தவாளிப்பும் இரு பக்கம் சரிவும் உள்ள தடித்த றப்பர்ப் பாளங்கள் இவை. நான் இவற்றை மதிக்கிறேன். தவாளிப்புக்குள் குழாய் எவ்வளவு இழுபட்டாலும் மேலே எழாது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஏறி இறங்கலாம், பிரம்புக்கும் தட்டுப்படும். ஆனால் நடைபாதையின் முழு அகலத்துக்கும் போட வேண்டும். ஒரு முழம் குறைத்துப் போட்டால் அந்த ஒரு முழத்தில்தான் எல்லோரும் நடப்பார்கள். காலை நிலத்தில் உரசி நடக்கும் முதியவருக்குப் பாளத்தின் விளிம்பே ஒரு படி. பாரமும் அதிகம். சின்ன வேலைக்கு எடுத்துப்போக அலுப்புப்பட்டு வண்டியிலேயே விட்டுவிடுவார்கள். ஒரு முழு நாள் ஒரே கட்டடத்தில் வேலை என்றால் மட்டும் பாளம் நல்ல தெரிவு.

பாளம் இல்லை என்று சாக்கையோ கால்மிதியையோ குழாயின் மேல் விரிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். குழாய் மறைந்துவிடும், எழும்பும் குணம் அப்படியே இருக்கும், சாக்கின் மூலை வேறு சுருண்டு நிற்கும்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு வழி உண்டு. இங்கே கடைக் கட்டடங்கள் பலவற்றில் மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி இருக்கிறது. அதிலிருந்து குழாயைச் சுவரோடு சுவராக இறக்கினால் நடைபாதையில் ஓர் அங்குலமும் கிடக்காது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், பம்பியும் தேவையில்லை. வழிப்போக்கரின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான குழாய் இல்லை. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது, வன்னீர். கண்ணாடியில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். கழுவிவிட்டுத் துடைக்காமல் விட வேண்டுமானால், ஒரு லீற்றரில் கரைந்த உப்புகள் 10 மில்லிகிராமுக்கும் குறைவாக உள்ள தண்ணீர் வேண்டும். வன்னீரை நேரடியாக, உப்புகளை நீக்கும் பிசின் வடிகட்டிக்குள் விட்டால் அது விரைவில் தேய்ந்துபோகும். ஆகையால் தாங்கித் தண்ணீர் தூசி கழுவவும் சுவர் கழுவவும் பொருந்தும். கைக்கு எட்டும் கண்ணாடி என்றால் உடனே வழித்துவிடலாம். எட்டாத மேல்மாடிக் கண்ணாடியில் புள்ளி தங்கிவிடும். குழாயை இறக்கப் போகிறவர் மொட்டைமாடி விளிம்புக்குப் போகக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் நான் இந்த முறையை எடுப்பதில்லை.

இப்போது நான் முதலிடம் கொடுக்கும் முறைக்கு வருகிறேன்: தள்ளுவண்டி. 25 லீற்றர்க் கலன், 12 வோல்ற் பற்றரி, ஒரு சிறிய பம்பி, நாலு மீற்றர்க் குழாய். தண்ணீர் வேலைக்காரனோடு நடந்து வருகிறது. குழாய் அவனது கைக்கும் வண்டிக்கும் நடுவே, அவன் கண்முன்னேயே கிடக்கிறது. அது எழும்பினால் அவனது காலைத்தான் தட்டும், அதனால் அவனே பார்த்து இழுப்பான். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் நடைபாதையில் ஆட்கள் போக இடம் மிஞ்சும். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் வீதம் பாய்ச்சினால் பன்னிரண்டு நிமிடத்தில் கலன் வெறுமையாகிவிடும் என்பதுதான் குறை. தேய்க்கும்போது பம்பியை நிறுத்திவிட்டு, அலசும்போது மட்டும் திறந்தால் இன்னும் தாக்குப்பிடிக்கும். நிரப்பிய கலன்கள் நாலைந்து லொறியில் இருந்தால் ஒரு சாதாரண மூன்று மாடிக் கடைமுகப்பை முடித்துவிடலாம். நிற்கும்போது சில்லைப் பூட்ட மறக்கக் கூடாது.

முதுகில் சுமக்கும் கலனும் இதே வகைதான். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர்க் கருவியைப் போன்றது. அதையே வாங்கிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. வாங்கினால் புதிதாக வாங்குங்கள், மருந்து பட்டதை வேண்டாம். வழிப்போக்கருக்கு இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லலாம். ஆனால் 16 லீற்றர் என்றால் 16 கிலோ. அதைச் சுமந்துகொண்டு அண்ணாந்து பார்த்தபடி நீட்டுக் கம்பத்தையும் பிடிப்பவன் நடைபாதை விளிம்பில் தானே கால் தவறுவான். பின்கட்டில் வண்டி போகாத ஒழுங்கைக்குள் பத்து நிமிட வேலை என்றால் சரி. நாள் முழுவதும் ஒரு பிள்ளையின் முதுகில் அதை ஏற்ற எனக்கு மனம் வராது.

கீழ்த்தளத்துக்கு இவை எதுவுமே வேண்டாம். வாளி, தேய்க்கும் துணி, தண்ணீர் வழிக்கும் றப்பர் வைப்பர். அரை வாளித் தண்ணீரில் ஒரு கடையின் முன்கண்ணாடி முடிந்துவிடும். குழாய் இல்லை, தண்ணீரும் அதிகம் சிந்தாது. வழுவழுப்பான மாபிள் பதித்த கடை வாசல்களில் இது மிக முக்கியம், ஏனென்றால் அங்கே தடக்கி விழுபவரைவிட வழுக்கி விழுபவரே அதிகம். கிணற்றுத் தண்ணீரும் போதும், உடனே வழித்துவிடுவதால் புள்ளி விழாது. கம்பம் கையில் இருக்கிறது என்பதற்காகக் கீழ்க்கண்ணாடிக்கும் குழாயை விரிப்பது சோம்பல். நாங்களும் அதைச் செய்திருக்கிறோம். கஸ்தூரியார் வீதியில் அன்று நடந்ததும் அதுதான். அந்த அம்மா விழுந்தபோது தம்பி கழுவப் போன அடுத்த யன்னல் தரையோடு இருந்தது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்பத்திரி வீதியிலோ பஸ் நிலையத்தைச் சுற்றியோ நீளக் குழாய் வேலையைக் காலை ஆறரைக்கு முன் முடிப்பது, எந்தக் கூம்பையும் பாளத்தையும் விட மேல். கடைகள் திறந்த பிறகு நடைபாதையில் பொருள்கள் அடுக்கப்படும், மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், ஆட்கள் வீதியில் இறங்கி நடப்பார்கள். மோட்டார் சைக்கிளின் தாங்குகால் குழாயின் மேல் ஊன்றியிருப்பதைக் கவனிக்காமல் இழுத்தால் வண்டியே சரியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள கட்டடங்களில் எந்தக் குழாயும் விரிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வெறுங்காலோடு வருகிறவர்கள், காவடியோடு வருகிறவர்கள், தோளில் பிள்ளையோடு வருகிறவர்கள் நிலத்தைப் பார்த்து நடக்க மாட்டார்கள். அந்தக் கடைகளுக்குக் கொடியேற்றத்துக்கு முதல் வாரமே போய்விடுகிறோம்.

எந்த முறையானாலும், வேலை முடிந்து குழாயைச் சுருட்டும் ஐந்து நிமிடத்துக்குத்தான் நான் இப்போது கிட்ட நிற்கிறேன். எல்லோரும் களைத்திருப்பார்கள், கூம்பை முதலில் பொறுக்கி வண்டியில் எறிந்துவிட்டுக் குழாயை லொறியிலிருந்து கடகடவென்று இழுப்பார்கள். கம்பத்தில் பூட்டியிருந்த குழாய் முனை கல்லிலும் செருப்பிலும் தட்டித் துள்ளி வரும். நாங்கள் கம்பத்திலிருந்து கழற்றிய முனையைக் கையில் எடுத்துக்கொண்டு லொறியை நோக்கி நடந்து வருகிறோம், மற்றவர் அதே வேகத்தில் சுருட்டுகிறார். கூம்புகளை அதற்குப் பிறகுதான் எடுக்கிறோம்.