புமிலியா, பினிலியா?

பிலிப்பைன்ஸில் பேசும் தகலாகு மொழியின் வினையில் முதலில் மண்டையைக் குழப்புவது இதுதான். 'பிலி' என்றால் வாங்குதல். நடுவில் 'உம்' நுழைந்தால் புமிலி, 'இன்' நுழைந்தால் பினிலி. இரண்டுமே 'வாங்கியாச்சு'தான், ஆனால் வாக்கியத்தில் 'அங்' (பேச்சு யாரை அல்லது எதைப் பற்றியது என்று காட்டும் சிறுசொல்; மற்றப் பெயருக்கு 'நங்') யாருக்குப் போகிறது என்பது மாறிவிடும்.

'புமிலி அகோ நங் இஸ்டா' என்றால் நான் மீன் வாங்கினேன், ஏதோ ஒரு மீன். 'பினிலி கோ அங் இஸ்டா' என்றால் அந்த மீனை வாங்கினேன். நமக்கு இது லேசு, 'மீன் வாங்கினேன்', 'மீனை வாங்கினேன்' என்று ஒரு 'ஐ' போட்டுப் பிரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். கிட்டத்தட்ட மட்டும்தான், ஏனென்றால் அங்கே வினையே உருமாறுகிறது, கூடவே 'நான்' என்பதும் அகோவிலிருந்து கோ ஆகிவிடுகிறது.

பினிலியைச் செயப்பாட்டுவினை என்று நினைத்துக்கொண்டு ஒதுக்காதீர்கள், தினசரிப் பேச்சில் அது சர்வசாதாரணம்.

கேள்வியில் தப்பவே முடியாது. யார் வாங்கியது? 'சினோ அங் புமிலி?' நீ வாங்கியது என்ன? 'அனோ அங் பினிலி மோ?' இங்கே மாற்றிப் போட்டால் தப்பு. 'உம்' படிக்கச் சுலபம், சரி, ஆனால் நான் 'இன்'னிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன்.