ஊர் லேபில் நேரே எக்ஸோமா, முதலில் மரபியல் மருத்துவரா?

ஐந்து வயதுப் பையன். கெண்டைக்கால் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழ முழங்காலில் கை ஊன்றுகிறான், தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சி.கே. அளவு ஆயிரக்கணக்கில். டுஷேன் தசைச் சிதைவு என்ற மரபணு நோயோ என்ற சந்தேகம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழிகள்.

ஊர் லேபில் ரத்தம் கொடுத்து நேரே எக்ஸோம் (எல்லா மரபணுக்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரே தடவையில் படிக்கும் சோதனை) போடலாம். பல்லவன் ரயிலில் இடம் பிடிக்க வேண்டாம், சம்பளத்தை இழக்க வேண்டாம். ஆனால் டுஷேன் பையன்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும் அல்லது இரட்டித்திருக்கும். எக்ஸோம் கெட்டிக்காரத்தனம் காட்டுவது டி.என்.ஏ.வின் எழுத்துப் பிழையைப் பிடிப்பதில். துண்டுக் கணக்கில் கோட்டை விடக்கூடும். எம்.எல்.பி.ஏ. என்ற சோதனை அந்த மரபணுவின் 79 எக்ஸான்களையும் (துண்டுகளையும்) எண்ணிப் பார்க்கும், செலவும் குறைவு. பெரிய சோதனையே நல்ல சோதனை என்று பணத்தைக் கட்டிவிட்டு, 'எதுவும் தென்படவில்லை' என்ற அறிக்கையோடு திரும்ப முதலிலிருந்து தொடங்குவது வீண்.

வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்தின் மரபியல் துறையில் வரிசை வேறு. முதலில் எம்.எல்.பி.ஏ. ஒரே ஒரு எக்ஸான் விடுபட்டதாகத் தெரிந்தால் அப்படியே நம்புவதில்லை. அந்த இடத்தில் சின்ன எழுத்து மாற்றம் இருந்தாலும் அப்படிக் காட்டக்கூடும். இன்னொரு முறையில் உறுதிசெய்வார்கள். எதுவும் இல்லையென்றால்தான் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசையாக்கம். பிறகு, பிழை அவர் வழியாக வந்ததா என்று பார்க்க அம்மாவுக்குச் சோதனை.

இந்த வழியின் குறை, பயணமும் காத்திருப்பும். அதனால் இரண்டையும் கலப்பதே எங்கள் கட்சி: ஒருமுறை மரபியல் மருத்துவரைப் பார்த்துச் சோதனையின் பெயரை எழுதி வாங்குங்கள், ரத்தத்தை ஊரிலேயே கொடுங்கள். டி.என்.ஏ.வுக்கு ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய், 3 மி.லி. போதும். பச்சை மூடியில் உள்ள ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலையைக் கெடுக்கும், குரோமோசோம் சோதனைக்கோ அந்தப் பச்சைதான் வேண்டும். குழாயை உறையவிடக் கூடாது. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

டுஷேன் இல்லை, வேறு தசை நோய் என்றால் எக்ஸோமுக்கு முறை வரும். அப்போது குடும்ப வரலாறுதான் பாதி விடை. 'சொந்தத்தில் திருமணமா?' என்ற கேள்விக்கு நகரத்தார் வீடுகளில் 'இல்லை, வேறு கோயில்' என்பார்கள். நகரத்தாரின் குலப்பிரிவான ஒன்பது கோயில் கணக்கு தந்தை வழிக்கு மட்டும். மாமன் மகள் வேறு கோயிலானாலும் ரத்த உறவுதான். பிள்ளை கூட்டியிருந்தால் (தத்தெடுத்திருந்தால்) பெற்றவர்கள் யார் என்றும் எழுத வேண்டும். கோயிலில் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கு இங்கே செல்லாது.

அம்மா மறுபடி கர்ப்பம் என்றால் காலம் இறுக்கும். நஞ்சுக்கொடித் திசுச் சோதனை 11 வாரத்துக்குப் பிறகுதான் செய்வார்கள், ஆனால் பையனின் பிழை எதுவென்று அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அம்மாவின் ரத்தத்தில் அந்தப் பிழை இல்லையென்றாலும் அடுத்த குழந்தைக்கு ஆபத்து முழுதாக நீங்காது. கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் அது இருக்கலாம்.