60 படங்களைக் கோத்துத் தந்த ஓப்பன்ஷாட்
அப்பாவின் பழைய படங்கள் 60 இருந்தன. ஓப்பன்ஷாட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் அவற்றை வீடியோவாக்கினேன். இலவசம், வாட்டர்மார்க் இல்லை. முன்பு வேறொரு செயலியின் லோகோ அம்மா முகத்தின் மேலேயே விழுந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டைம்லைனில் (படங்களை வரிசையாக அடுக்கும் இடம்) சேர்க்கும்போதே ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி, என்ன டிரான்சிஷன் (ஒரு படம் அடுத்ததாக மாறும் விதம்) என்று கேட்டுவிடுகிறது. அதுவாக வைத்திருக்கும் 10 நொடி ரொம்ப நீளம், 5 ஆக்கினேன். கடைசியில் அப்பா சைக்கிளைப் பிடித்து நிற்கும் படம். அதன் ஓரத்தை மட்டும் இழுத்து நீட்டினேன், கொஞ்ச நேரம் கூடப் பார்க்கலாமே என்று.

ஒன்று கவனியுங்கள். ஃபைல் பெயர்கள் 01, 02 என்று இருந்தால் இமேஜ் சீக்வென்ஸாக எடுக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒரே கிளிப்பாகிக் கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிடும்.